சதவீதத்தில் வராத பிள்ளை

(சிதம்பரத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

மே மாதம் பிறந்தால் கடலூரிலும் சிதம்பரத்திலும் பெற்றோர்கள் பேசிக்கொள்வது மூன்று விஷயங்கள்தான். ரிசல்ட் எப்படி? எந்த ஸ்கூல்ல சேர்க்கலாம்? நம்ம பக்கத்துல புது ஸ்கூல் வருதாமே, எங்கே? திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்திலும் இதே பேச்சு, சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் இதே பேச்சு. மூன்றையும் தனித்தனியாகத்தான் பேசுகிறோம். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: எந்தப் பிள்ளை நம்ம கணக்குல வராம போகுது? அதைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

சதவீதம் எதைச் சொல்கிறது?

முதலில் ரிசல்ட். 2025 மே 8-ஆம் தேதி பிளஸ் 2 முடிவு வெளியானது. மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். மே 16-ஆம் தேதி பத்தாம் வகுப்பு முடிவு வந்தது, 93.80 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு இவை 94.56, 91.55 சதவீதமாக இருந்தன. முன்னேற்றம்தான், சந்தேகமில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிங்க. இந்தச் சதவீதம் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி என்பதை மட்டுமே சொல்லும். தேர்வு அறை வரை வராத பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதியது 40 பேர், தேர்ச்சி 40 பேர். வாசலில் 'நூறு சதவீதம்' என்று பேனர். பக்கத்துப் பள்ளியில் எழுதியது 120 பேர், தேர்ச்சி 111 பேர், அதாவது 92.5 சதவீதம். நாம எந்தப் பள்ளியைத் தேடிப் போவோம்? பேனர் வெச்ச பள்ளியைத்தான்.

இப்போ முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பைப் பாருங்க. முதல் பள்ளியில் 55 பேர், இரண்டாவதில் 122 பேர் இருந்தார்கள் என்று வையுங்கள். ஒன்பதில் இருந்த பிள்ளைகளை வைத்துக் கணக்குப் போட்டால் முதல் பள்ளி 73 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். இரண்டாவது 91 சதவீதம். அந்த 15 பேர் எங்கே? சிலர் ஊர் மாறியிருக்கலாம். சிலருக்கு 'வேற ஸ்கூல் பாத்துக்கோங்க' என்று சொல்லி டி.சி. கொடுத்திருக்கலாம். சிலர் படிப்பையே விட்டிருக்கலாம். பேனரைப் பார்த்தால் இதில் எது என்று தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

அதனால் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு எண்களைச் சேர்த்துக் கேளுங்க. பத்தாம் வகுப்பு எத்தனை பேர் எழுதினாங்க? அதுக்கு முந்தின வருஷம் ஒன்பதாம் வகுப்புல எத்தனை பேர் இருந்தாங்க? மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை போன்ற விவரங்களை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளி பெயரைப் போட்டு உங்கள் போனிலேயே பார்க்கலாம்.

இன்னொன்று. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு ஏற்படும் மன அழுத்தம்தான் காரணம். அரசு நிறுத்தியதை நாம் வாட்ஸ்அப் குழுவில் தொடர வேண்டாம்.

தேர்ச்சி பெறாத பிள்ளை

முடிவு வரும் நாளில் எல்லாரும் தேர்ச்சி பெற்ற பிள்ளையைச் சுற்றி நிற்கிறோம். அன்றைக்கு நமக்குத் தேவைப்படுவது மற்ற பிள்ளைதான்.

பத்து, பிளஸ் 2 இரண்டுக்கும் துணைத்தேர்வு அதே ஆண்டு ஜூன், ஜூலையில் நடக்கிறது. அதில் தேர்ச்சி பெற்றால் அந்த ஆண்டே மேற்படிப்பில் சேரலாம். ஒரு வருஷம் போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் பள்ளிக்குப் போய்த் துணைத்தேர்வு விண்ணப்பத்தைக் கேளுங்க.

பிளஸ் 2 மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வாங்கியவர்தான் பிறகு மறுமதிப்பீடு கேட்க முடியும். நகலை அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, அவர் சொன்ன பிறகு பணம் கட்டுங்க.

பிள்ளை பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்தால் அதைச் சாதாரணமாக விடாதீங்க. கல்வி வழிகாட்டிக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ உதவிக்கு 104. இந்த மூன்று எண்களையும் போனில் இப்பவே சேமிச்சு வெச்சுக்கோங்க.

சேர்க்கை: ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் முடிவு

அடுத்தது சேர்க்கை. பிளஸ் 1-ல் எங்கே சேர்க்கலாம் என்று பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு யோசிக்கிறோம். ஆனால் சில கதவுகள் ஆறாம் வகுப்பிலேயே திறக்கின்றன, அல்லது மூடிக்கொள்கின்றன.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கும் இது உண்டு. ஆனால் நடுவில் இரண்டு வருஷம் கட்டணம் கட்டி வேறு பள்ளியில் படிக்க வைத்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் பள்ளிப் படிப்பு எங்கே என்பதுதான் அடிப்படை. அவற்றில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பள்ளி மாற்றும் முன் தலைமை ஆசிரியரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

பிளஸ் 1-ல் எல்லாரும் முதல் குரூப்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் எல்லாப் பாடப்பிரிவும் இருக்காது. நம்ம பிள்ளை கேட்கும் பிரிவு அங்கே இருக்கா, அதுக்கு ஆசிரியர் இருக்காரா என்பதை விண்ணப்பம் வாங்கும் நாளிலேயே கேளுங்க. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போவது குறைவான வழியும் அல்ல. டிப்ளமோ முடித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

தனியார் பள்ளி என்றால் கேட்க வேண்டியவை வேறு. பள்ளிக்கு அங்கீகார ஆணை இருக்கா? அது எந்தத் தேதி வரை? அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு நன்கொடை வாங்குவதையும், எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ நேர்காணல் வைத்துத் தேர்வு செய்வதையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு வரை டி.சி. வர தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவும் முடியாது. தனியார் பள்ளிகளுக்கான கட்டணத்தைக் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. அந்த ஆணையைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

புதிய பள்ளி எங்கே வர வேண்டும்?

இப்போது மூன்றாவது விஷயம். இதை நாம குறைவாத்தான் பேசுறோம். ஆனா அதிகமாகப் பேச வேண்டியது இதுதான். ஏன்னா, பள்ளி எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் யார் படிப்பார்கள் என்பது முடிவாகிறது.

இந்த ஊருக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆறுமுக நாவலர் 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆனாலும் ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் கிடைக்கவில்லை. 1916-ல் சுவாமி சகஜானந்தர் அந்தப் பிள்ளைகளுக்காகவே ஓமக்குளம் பகுதியில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் தேர்ச்சி சதவீதம் என்று ஒன்று போட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் அதில் எங்கேயும் வந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு பள்ளி வந்த பிறகுதான் கணக்கில் வந்தார்கள். இன்று நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் நடக்கின்றன.

இன்றைக்குப் பிள்ளையைத் தடுப்பதில் தூரமும் ஒன்று. தமிழ்நாட்டின் 2011 கல்வி உரிமை விதிகளின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 2009-ல் தொடங்கிய தேசிய இடைநிலைக் கல்வித் திட்டம் உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர், மேல்நிலைப் பள்ளிக்கு ஏழு முதல் பத்து கிலோமீட்டர் என்று அளவு வைத்தது.

வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டர் சின்ன தூரம்தான். ஆனால் நடுவில் வெள்ளாறோ கெடிலமோ உப்பனாறோ இருந்தால்? நடுவில் ரயில் பாதை இருந்தால்? 2025 ஜூலை 8 காலை கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகளை இழந்தோம். பள்ளிக்குப் போகும் வழியும் பள்ளியின் ஒரு பகுதிதான் என்பதை இந்த மாவட்டம் மறக்க முடியாது. தூரத்தை அளக்கும்போது பிள்ளை நடக்கும் வழியை, ஏறும் பஸ்ஸை, கடக்கும் கேட்டை, சாயங்காலம் இருட்டும் நேரத்தை வைத்து அளங்க. எட்டாம் வகுப்போடு, பத்தாம் வகுப்போடு நின்றுபோன பெண் பிள்ளைகளின் வீட்டில் கேட்டுப் பாருங்க. 'பஸ் இல்லை', 'துணை இல்லை' என்ற பதில் வரும். அவங்கதான் சதவீதத்தில் வராத பிள்ளைகள்.

அடுத்து, இடம். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாவற்றையும் பார்த்தவர்கள் நாம். மழைக்காலத்தில் பள்ளிக்கூடம்தான் நமக்கு நிவாரண முகாம். அதனால் மேடான இடம் வேண்டும், வெள்ளத்திலும் போய்ச்சேர வழி வேண்டும். ஊரில் காலியாகக் கிடக்கிறது என்பதற்காக ஏரிப் புறம்போக்கையோ வாய்க்கால் கரையையோ காட்டாதீங்க. நீர்நிலைப் புறம்போக்கில் கட்ட அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. வருவாய்த் துறையின் இணையச் சேவையில் புல எண்ணைக் கொடுத்தால் அந்த நிலம் புறம்போக்கா, பட்டாவா என்று போனிலேயே தெரிந்துவிடும்.

தனியார் புதிய வளாகம் என்றாலும் கட்டடத்தைக் கேளுங்க. கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் நடப்பில் இருக்க வேண்டும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

யாரிடம், எப்போது கேட்பது?

நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகவோ, உயர்நிலையை மேல்நிலையாகவோ தரம் உயர்த்த வேண்டும் என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல் படி, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். 'எங்களுக்குப் பள்ளி வேண்டும்' என்று ஒரு வரியோடு நிறுத்தாதீங்க. எத்தனை பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முடிக்கிறார்கள், எத்தனை பேர் ஒன்பதில் சேரவில்லை, அடுத்த பள்ளி எத்தனை கிலோமீட்டர், பஸ் எத்தனை மணிக்கு, நிலத்தின் புல எண் என்ன என்று எண்களோடு எழுதுங்கள். அது தலைமை ஆசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போகும். அங்கிருந்து இயக்குநரகத்துக்குப் போகும்.

கிராம ஊராட்சி என்றால் கிராம சபையிலும் அதே தீர்மானத்தை வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. மே 1-ஆம் தேதி பொருத்தமான நாள். ரிசல்ட் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சேர்க்கைக்கும் முன்னாடி.

கேட்டவுடனே எல்லா ஊருக்கும் பள்ளி வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் எண்ணிக்கை, நிலம், நிதி எல்லாம் பார்த்துத்தான் முடிவு வரும். ஆனால் டீக்கடையில் பேசினது கோப்பில் ஏறாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதினது ஏறும்.

கடைசியா ஒரு வேலை மட்டும் சொல்றேன். உங்க தெருவுல போன வருஷம் எட்டாவதோ பத்தாவதோ முடிச்ச பிள்ளைங்க பெயரை ஒரு தாளில் எழுதுங்க. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் இப்போ எங்கே படிக்குதுன்னு எழுதுங்க. எந்தப் பெயருக்கு எதிரே எழுத ஒண்ணும் இல்லையோ, அந்த வீட்டுக் கதவை முதல்ல தட்டுங்க. பிறகு அந்தத் தாளோடு அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்க.