சம்மதம் சந்தைச் சரக்கன்று

(உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் காணியுமன்று, நீருமன்று, உத்தியோகமுமன்று. நம் ஒவ்வொருவர் மடியிலும் கிடந்து நேரங்காலமின்றி ஒலிக்கின்ற கைத்தொலைபேசியைப் பற்றியது. வெங்காய விலை பார்க்கவோ செய்தி படிக்கவோ ஓர் இணையத்தளத்தைத் திறந்ததும், "அறிவித்தல்களை அனுப்பலாமா?" என்ற கேள்வி எழுகின்றது. "அனுமதி" என்பதைத் தொடுகின்றோம். அன்று முதல் நாம் தேடிப் போகாமலே அத்தளம் நம்மைத் தேடி வருகின்றது. இதனைப் புஷ் நோட்டிபிகேஷன் என்பர். உடனறிவித்தல் என்று நாம் சொல்லலாம். இவ்வாறு அனுமதி தந்தோரின் பட்டியலை விலைபேசி விற்போரும் வாங்குவோரும் உளர். அவ்வியாபாரம் தகுமா என்பதே நம் கேள்வி.

அந்த ஒரு தொடுகையால் நாம் கொடுப்பது யாது? நம் வாசலில் வந்து தட்டும் உரிமையைக் கொடுக்கின்றோம். நம் உலாவி தனி முகவரி ஒன்றை உண்டாக்கி அத்தளத்திடம் ஒப்படைக்கின்றது. செய்திகள் கூகிள், மொசில்லா, அப்பிள் முதலிய நிறுவனங்களின் கணினிகள் வழியாக, தபாற் கந்தோர் வழியாக வருவதுபோல, வந்து சேர்கின்றன. அம்முகவரியோ அனுமதி பெற்ற தளத்தின் பெயரோடும், பெரும்பாலும் அத்தளம் வைத்திருக்கும் இரகசியச் சாவியோடும் பிணைக்கப்பட்டது.

ஆகவே பட்டியலை மட்டும் வாங்குபவர், பூட்டிய வீட்டின் இலக்கத்தையே வாங்குகின்றார். சாவியையும் சேர்த்து வாங்கினாலோ, விற்றவரிடம் அதன் பிரதி இல்லையென்று எவர் உறுதி எழுதிக் கொடுப்பார்? காணி உறுதியை நொத்தாரிசு முன்னிலையில் முடிக்கலாம்; சாவியின் பிரதி அழிக்கப்பட்டதற்கு எந்த நொத்தாரிசு சாட்சி? பூட்டை மாற்றுவோமென்றால், பழைய சாவியோடு பிணைந்த அனுமதிகள் யாவும் பயனற்றுப் போகும். ஒவ்வொருவரிடமும் மீண்டும் கேட்கவேண்டும். மீண்டும் கேட்கவேண்டுமாயின், பணங்கொடுத்து வாங்கியது எதனை?

விதைநெல் வாங்கும் கமக்காரர் கையில் அள்ளிப் பதர் பார்க்கின்றார். இப்பட்டியலிலும் பதருண்டு. தொலைபேசியை மாற்றியவர், அனுமதியை நீக்கியவர் ஆகியோரின் செத்த முகவரிகளும் கணக்கிலே நிற்கும். அண்ட்ரொயிட் செயலிகளுக்குக் கூகிள் வழங்கும் அடையாளக் குறியீடு, 270 நாள் தொடர்பின்றிக் கிடந்தாற் காலாவதியாகின்றது. எஞ்சியோரும், அறியாத வியாபாரியின் குரல் கேட்டதும் கதவைச் சாத்துவர். 2020இல் குரோம் உலாவி, மக்களை ஏமாற்றியும் தொல்லைப்படுத்தியும் அறிவித்தல் அனுப்பும் தளங்களின் அனுமதிக் கேள்வியையே அடக்கிவைக்கத் தொடங்கியது. வாங்கியவர் செய்யும் குற்றத்துக்கு விற்றவரின் தளப்பெயரே தண்டனை ஏற்கும்.

இது வெறும் அச்சமூட்டலன்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டோய்ஸ்மார்ட் என்ற இணைய விளையாட்டுப்பொருட் கொம்பனி நொடித்தது. வாடிக்கையாளர் விபரத்தைப் பிறர்க்குக் கொடோம் என்று வாக்களித்திருந்த அக்கொம்பனி, கடனடைக்க அப்பட்டியலையே விலைக்கு வைத்தது. அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. முடிவில், கொம்பனியிற் பெரும்பங்கு கொண்டிருந்த டிஸ்னி தரப்பு 50,000 டொலர் கொடுத்து, 2001இல் அப்பட்டியல் அழிக்கப்பட வழிசெய்தது. விற்க வைத்த பட்டியலை அழிப்பதற்காகப் பணங் கொடுக்க நேர்ந்தது!

"பெயரில்லாத முகவரிதானே, யாருக்கு என்ன கேடு?" என்று கேட்பாருளர். முகவரியோடு மொழி, ஊர், எதைத் தொட்டோம், எதைப் படித்தோம் என்ற குறிப்புகளும் சேர்த்து வைக்கப்படுவதுண்டு. வைத்தியரின் தளத்தில் அனுமதி தந்தவர் பட்டியல், நோயாளர் பட்டியல். தமிழ் அரசியற் செய்தித்தளத்தின் பட்டியல், இன்ன இனத்தார், இன்ன கருத்தினர் என்ற பட்டியல். பட்டியலென்றால் என்னவென்று நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. 1983 யூலையில் கொழும்பிலே காடையர் கூட்டங்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன. வாக்களிக்கவென்று எழுதப்பட்ட பெயர்கள் வீடெரிக்க வழிகாட்டின. ஒரு நோக்கத்துக்குத் தொகுத்தது இன்னொரு கைக்குப் போனால் விளைவது யாதென்பதை அனுபவித்த மக்கள் நாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்குப் பெற்ற தரவை அதற்கு ஒவ்வாத வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது என்கிறது. இனம், அரசியற் கருத்து, உடல்நலம் பற்றிய தரவுகளை விசேட வகையாக மதிக்கின்றது. எனினும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. சட்டம் பின்போடப்படலாம், நாணயத்தைப் பின்போடலாமா?

நமது தேசவழமை, பங்குக் காணியைப் பிறருக்கு விற்குமுன் பங்காளருக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டுமென்று விதித்தது. நமக்கே உரித்தான பங்குக்கும் அத்துணைக் கட்டுப்பாடு! பிறர் நம்பித் தந்த சம்மதமோ நமது சொத்தேயன்று; அதனை விற்க நமக்கு உரித்து ஏது?

ஆதலால் மூன்று கருமங்களை வேண்டுகின்றோம். தளம் நடத்தும் சங்கங்களும் பத்திரிகைகளும் வைத்தியர், சட்டத்தரணி முதலியோரும், பட்டியலை விற்பதில்லை, வாங்குவதுமில்லை என்று தம் விதிகளில் எழுதிவைக்கட்டும். நிறுவனம் கைமாறுமாயின் சந்தாதாரருக்கு அறிவித்து, புதிதாகச் சம்மதம் கேட்கட்டும்; மூடப்படுமாயின் பட்டியலை அழிக்கட்டும். மக்களாகிய நாம், "இயந்திரமல்லேன் என்று காட்ட அனுமதியைத் தொடுக" என்னும் தளங்களைத் தொடாது விலகுவோம். தொலைபேசியின் அமைப்புப் பகுதியைத் திறந்து, வேண்டாத அனுமதிகளை இன்றே நீக்குவோம். வங்கியின் பெயராலோ பரிசின் பெயராலோ வரும் அறிவித்தலை நம்பி இரகசிய இலக்கத்தைக் கொடாதிருப்போம்.

தேர்தல் வரும்போது நம் தரப்பாரே இப்பட்டியல்களை விலைக்குக் கேட்டு வரக்கூடும். அவர்களுக்கும் விடை இதுவே. நம் கட்சிக்கு இனிப்பதென்பதற்காக அநீதி நீதியாகாது. மக்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெறுவதே அரசியல். விலைக்கு வாங்குவது வியாபாரம்.