சாதி நாயும் தெரு நாயும்

(உத்திரமேரூரில் மாணவர், இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நாயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிங்க, தப்பில்லை. ஆனால் டீக்கடையிலோ பஸ்ஸிலோ சாதியைப் பற்றிப் பேச்சு முற்றும்போது எதிராளி கடைசியாக எடுத்துவிடுகிற கேள்வி என்ன? "நாயிலயே சாதி இருக்குதே, மனுஷங்கிட்ட இருக்கக் கூடாதா?" நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள். நாய்க்குச் சாதி எப்படி வந்தது என்று தெரிந்தால், கேள்வி கேட்டவர் பக்கமே திரும்பிவிடும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சாதி மல்லி, சாதிக் குதிரை, சாதி நாய். உசந்த ரகம் என்றால் தமிழில் 'சாதி'. தெருவில் திரிகிறது வெறும் நாய். அந்தத் தெரு நாய்க்கு ஆங்கிலேயன் வைத்த பெயர் 'பறையா நாய்'. நம் மக்களின் பெயர் ஆங்கிலத்துக்குப் போய் 'ஒதுக்கப்பட்டவன்' என்று அர்த்தமாகி, அங்கிருந்து நாயின் கழுத்தில் தொங்கியது. இன்றும் நாய் நூல்களில் அது அச்சாகிறது.

இனி வரலாறு. நாய் ஓநாய் வழியில் வந்தது. மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. இதில் பெரும்பகுதிக் காலம் நாய்க்கு இருந்தது வேலைதான். ஆடு காக்க ஒன்று, முயல் பிடிக்க ஒன்று, வாசலுக்கு ஒன்று. நல்லா ஓடினதை நல்லா ஓடினதோடு சேர்த்தார்கள். வெளியிலிருந்து கலந்தாலும் குடி முழுகிவிடவில்லை.

1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. அடுத்த ஆண்டே வம்சாவளிப் பேரேடு வந்தது. காது இப்படி, வால் இப்படி, நிறம் இது என்று லட்சணம் எழுதினார்கள். தாயும் தகப்பனும் பேரேட்டில் இல்லாத குட்டிக்கு இடமில்லை என்று பிறகு கதவைச் சாத்தினார்கள். இன்று நாம் பார்க்கும் மேல்நாட்டுச் சாதி நாய்களில் பெரும்பாலானவை சுமார் 200 ஆண்டுகளுக்குள் இப்படி உருவானவை. ஆதித் தூய்மை என்று ஒன்று இல்லை. கலந்து கிடந்ததிலிருந்து சிலதைப் பொறுக்கி, வேலி போட்டு, அதற்குத் தூய்மை என்று பேர் வைத்தார்கள்.

வேலி போடும் பட்டியல் நமக்குப் புதுசா? இதே ஊர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதற்கு நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிய வேண்டும். வெளியே நின்றவன் தகுதி இல்லாமல் பிறக்கவில்லை. பட்டியல்தான் அவனை வெளியே நிறுத்தியது.

நான் வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன். வரவு நின்ற கணக்கு என்ன ஆகும் என்று தெரியும். நாய்ப் பேரேடும் அப்படித்தான். உறவுக்குள்ளேயே சேர்க்கச் சேர்க்க, இரண்டு வழியிலும் மறைந்து கிடந்த குறை குட்டியில் வந்து சேர்கிறது. லட்சணத்துக்காக மூக்கைச் சப்பையாக்கிய பக் நாய் மூச்சுக்குத் திணறுகிறது. தலை பெருத்த புல்டாக்குக்குப் பெரும்பாலும் வயிற்றைக் கீறித்தான் குட்டி எடுக்கிறார்கள்.

டால்மேஷன் கதையைக் கேளுங்கள். அந்தச் சாதி முழுக்க யூரிக் அமிலக் கோளாறு பரவிவிட்டது. அதனால் சிறுநீரில் கல். 1973இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர், டால்மேஷனைப் பாயிண்டர் நாயோடு ஒரே ஒரு முறை சேர்த்தார். அதன் வாரிசுகளைத் தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்தும், கோளாறு இல்லாத குட்டிகளைப் பொறுக்கி எடுக்க முடிந்தது. ஆனாலும் 'கலப்பு' என்று சொல்லி, அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றை நிலையாக ஏற்க 2011 ஆயிற்று. மருந்து கையில் இருக்கிறது, தீட்டு என்று தள்ளிவைக்கிறார்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை?

நம் நாட்டுக்கு வருவோம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாமே ஊர்ப் பெயர்கள். வெயிலுக்கும் முள்ளுக்காட்டுக்கும் பழகிய வேட்டை நாய்கள், காவல் நாய்கள். 2005இல் அஞ்சல் துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு என்று சந்தை முடிவு கட்டிவிட்டது. நிறமி தரும் அணுக்கள் உட்காதுக்கும் தேவை. வெள்ளையை மட்டுமே துரத்தினால் பிறவிச் செவிடும் கூடவே வருகிறது. நிறம் விழுந்த குட்டி என்று நாம் ஒதுக்குவது, காது நன்றாகக் கேட்கிற குட்டியாக இருக்கலாம்.

இந்த நாய்களைக் கைவிடச் சொல்லவில்லை. நாட்டு நெல்லைப் போல இவையும் காப்பாற்ற வேண்டியவை. குட்டி போட்டு விற்கிற நம் பையன்களுக்குச் சொல்கிறேன்: அண்ணன் தங்கைக் குட்டிகளைச் சேர்க்காதீர்கள். தட்டைத் தட்டினால் திரும்பாத நாயை இனவிருத்திக்கு விடாதீர்கள். 2017இல் வந்த மத்திய அரசு விதிகள்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிறைய வேண்டும், 8 வயது தாண்டக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டை மிஷின் இல்லீங்க.

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வருவோம். நாய்ச் சாதி, மனிதன் கயிற்றைப் பிடித்துச் சேர்த்து உண்டாக்கியது. கயிற்றை அவிழ்த்துவிட்டால் சில தலைமுறையில் கரைஞ்சு போகும். நாய்க்கே அது இயற்கை இல்லை. மனிதரில் அப்படி ரகம் பிரித்தவர் எவரும் இல்லை. சென்னையின் பிராமணரும் பறையரும் ஒரே வழியினர் என்று 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதிவிட்டார். இருப்பது கயிறு மட்டும்தான். அதற்குப் பேர் அகமணம். அதைத் தாண்டியதாகச் சொல்லித்தான் 2015இல் கோகுல்ராஜைக் கொன்றார்கள், 2016இல் உடுமலையில் சங்கரை வெட்டினார்கள். தானாக நிற்கிற தூய்மைக்கு அரிவாள் எதுக்கு?

ஆகவே தோழர்களே, இனிமேல் நம் வாயில் 'சாதி நாய்' என்ற சொல் வர வேண்டாம். ரகம் என்று சொல்வோம். 'பறையா நாய்' என்று எந்தப் புத்தகத்தில் கண்டாலும் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். தெரு நாயை நாட்டு நாய் என்று கூப்பிடுங்கள். அதுதான் அதன் பெயர்.