தீவு பிறக்கும் விதம்



பூமிசாஸ்திரம் கற்பித்த நாளொன்றில், "கடலடி எரிமலை கக்கிய பொருள் குவிந்து நீருக்குமேல் எழுவதே எரிமலைத் தீவு" என்று கரும்பலகையில் எழுதினேன். மாணாக்கர் யாவரும் பிழையின்றி ஒப்புவித்தனர். மனநிறைவோடு புத்தகத்தை மூடும் வேளையில், நெடுந்தீவிலிருந்து வந்து படித்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் தீவும் ஒருநாள் வெடிக்குமோ?" என்றான். நான் சொல்லைக் கற்பித்தேனேயன்றிப் பொருளைக் கற்பிக்கவில்லை என்பதை அக்கேள்வி உணர்த்திற்று.

மறுநாள் வரைவிலக்கணத்தை விடுத்து, ஒரு தீவின் பிறப்பைக் கதையாகக் கூறினேன். 1963 நவம்பர் 14 ஆம் நாள், ஐஸ்லாந்துக்குத் தெற்கே மீன்பிடிக்கச் சென்றோர் கடலிற் கரும்புகை எழக் கண்டனர். கப்பலொன்று தீப்பற்றியதோ என ஐயுற்றனர். எரிந்தது கப்பலன்று; ஏறத்தாழ 130 மீற்றர் ஆழத்தில் வெடித்த எரிமலை. மறுநாளே தீவு தலைகாட்டியது. அதற்குச் சுர்ட்சே எனப் பெயரிட்டனர்.

கொதிக்கும் பாறைக்குழம்பு கடல்நீரைத் தொட்டதும், நீர் ஆவியாகிக் குழம்பைச் சாம்பலாகச் சிதறடித்தது. சாம்பல் குவிந்து கடல்நீர் எரிமலைவாயை எட்டாது தடுத்த பின்னர், 1964 இல் குழம்பு வெடிப்பின்றி வழிந்து, இறுகிக் கற்கவசமாயிற்று. 1965 இல் அருகே தோன்றிய இரு சிறு தீவுகளுக்கு அக்கவசம் வாய்க்கவில்லை. அவை ஓராண்டுக்குள் அலையிற் கரைந்தன. சுர்ட்சே நிலைத்தது, எனினும் 1967 இல் எரிமலை அடங்கியபின், அதன் பரப்பிற் பாதியளவைக் கடல் அரித்துவிட்டது.

இதனைக் காட்டப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தட்டொன்றில் அடுப்புச் சாம்பலை இரு குவியலாக வைத்து, ஒன்றின்மீது களிமண் பூசி உலரவிட்டு, இரண்டின் மீதும் நீர் ஊற்றினோம். வெறுஞ் சாம்பல் கரைந்தோடியது. களிமண் போர்த்தது நின்றது. காரணத்தைப் பிள்ளைகளே கூறினர்.

பின்னர் அச்சிறுவனை அழைத்து, நெடுந்தீவுக் கல்லொன்றைக் கையிற் கொடுத்தேன். "இது சுண்ணாம்புக்கல். கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்திறுகி உண்டானது. உன் தீவின் கீழே எரிமலை இல்லை" என்றேன். கல்லைப் புரட்டிப் பார்த்தவன், அதிற் பதிந்திருந்த சிப்பியொன்றைத் தானே கண்டுபிடித்தான். அவன் முகம் தெளிந்தது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! அரைகுறையாய்க் கற்பித்த பாடம் பிள்ளையின் நெஞ்சில் அச்சமாகத் தங்கக்கூடும். அவன் கேள்வி கேட்டமையால் நான் அதனை அறிந்தேன். கேளாதிருந்த பிள்ளைகள் எத்தனை பேரோ!