பதினெட்டாவது விதி

திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. உதைபந்தாட்டத்தில் விசில் ஊதுபவரையும் நாம் நடுவர் என்றே அழைக்கிறோம். விதியை எழுத்துக்கு எழுத்துப் பற்றி நிற்பதுதான் நடுவுநிலைமையா?

1978 உலகக் கிண்ணத்தில் பிரேசிலும் சுவீடனும் 1-1 எனச் சமநிலையில் நின்றன. இறுதி வினாடிகளில் பிரேசிலுக்குக் கோர்னர் உதை கிடைத்தது. பந்து காற்றில் வரும்போதே நடுவர் கிளைவ் தோமஸ் ஆட்டம் முடிந்ததென விசில் ஊதினார். சீக்கோ தலையால் முட்டிய கோல் செல்லுபடியாகவில்லை. நேரக்கணக்குச் சரிதான், ஆனால் அந்த உதைக்கு அனுமதி கொடுத்தவரும் அவரே.

எங்கள் லுணுகலைப் பக்கத் தோட்ட மைதானங்களிலும் இதே கேள்வி எழும். ஆட்ட விதிகளில் நான்காவது, காலணி கட்டாயம் என்கிறது. சப்பாத்து வாங்க வழியில்லாத பிள்ளையை என்ன செய்வது? வெளியே நிறுத்தினால் ஏழ்மைக்குத் தண்டனை. சப்பாத்தணிந்தவர்களோடு மோதவிட்டால் காலுக்கு ஆபத்து. இரு அணிகளையும் வெறுங்காலோடு இறக்குகிற நடுவர் எழுத்தை மீறுகிறார். ஆனால் காலைக் காப்பது என்ற விதியின் நோக்கம் நிறைவேறுகிறது, பிள்ளையும் விளையாடுகிறான்.

ஏட்டிலுள்ள விதிகள் பதினேழு. பதினெட்டாவது நடைமுறை அறிவு என்று நடுவர்கள் சொல்வதுண்டு. வள்ளுவர் காட்டிய துலாக்கோலும் எடையறிந்தே சீர்தூக்கும்.