சுரங்கப் பணிக்கு வேண்டும் தகுதி

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்துப் பெற்றோர் பலர், “நெய்வேலிச் சுரங்கத்தில் பையனுக்கு ஒரு வேலை வேண்டும், யாரைப் பிடிக்கலாம்?” என்று எம்மை வினவுகின்றனர். எதைக் கற்கலாம் என்பதன்றோ முதல் வினாவாதல் வேண்டும்! அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சுரங்கம் ஏனைத் தொழிலிடங்களைப் போன்றதன்று. நிலக்கரியினின்று கசியும் மீத்தேன் வாயு நிறமும் மணமும் அற்றது. காற்றினும் இலேசானதாகலின் கூரையை ஒட்டித் தங்கும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு கலந்தவிடத்து ஒரு பொறியே வெடித்தற்குப் போதும். கைவிடப்பட்ட பழைய குடைவுகளில் தேங்கிய நீரும் பெரும்பகை. 1975 டிசம்பர் 27-ஆம் நாள் தன்பாத்தை அடுத்த சாஸ்நாலாவில் அத்தகைய நீர் உட்புகுந்து 350-க்கு மேற்பட்டோரை மாய்த்தது.

ஆதலின் சட்டம் தகுதிகளைப் படிப்படியாக வகுத்தது. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், 1983-இல் திருத்தப்பட்டபோது, 18 வயது நிரம்பாதாரைப் பணிக்கு அமர்த்தலாகாது என விலக்கியது. உடற்சோதனையும் விதிக்கப்பட்டது. 1966-ஆம் ஆண்டு விதிகள் தொழிற்பயிற்சியைக் கட்டாயமாக்கின. நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளரை அருகிருந்து மேற்பார்ப்பவர் சர்தார். அவர்க்கு மேல் ஓவர்மேன். எல்லார்க்கும் மேல் மானேஜர். ஒவ்வொருவரும் தத்தம் பதவிக்குரிய சான்று பெற்றிருத்தல் வேண்டும். சர்தார் சான்றுக்கு வாயுச் சோதனைச் சான்றும், முதலுதவிச் சான்றும், சுரங்க அனுபவமும் வேண்டப்படும். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மட்டும் செல்லும் சான்றும் உண்டு. நெய்வேலிச் சுரங்கங்கள் அவ்வகையின. அச்சான்று கொண்டு நிலத்தடியில் அப்பதவியை ஏற்றல் இயலாது.

இனி, செய்யாத பணிக்கு அனுபவச் சான்று பெற வழியுண்டோ என்று உசாவுவாரும் நம்முள் உளர். அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள்! தொழிலாளர் நுழையுமுன் இடத்தைச் சோதித்து, “அச்சமில்லை” என உரைப்பவர் சர்தாரே. இடுக்கண் கண்டால் அனைவரையும் வெளியேற்றுதலும் அவர் கடமை. அவரது ஒரு சொல்லை நம்பியே பிறர் மக்கள் உள்ளே செல்கின்றனர். கல்லாதான் அச்சொல்லைக் கூறின் அவனோடு எத்தனை குடும்பங்கள் அழியும்!

யாமும் முன்னொருகால் ஒரு மாணவனுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினோம். அவன் என்ன கற்றான் என ஒரு வினாவும் கேட்டிலேம். இன்று அதற்கு நாணுகின்றோம்.

ஆதலின் ஒன்று வேண்டுகின்றோம். நம் சங்க நிதியினின்று ஆண்டுதோறும் ஓர் ஏழை மாணவனேனும் சுரங்கவியல் டிப்ளமா கற்க உதவுவோமாக. அத்தொழிலில் ஓய்வுபெற்ற நம்மவர் வாரம் ஒருநாள் பாடம் கூறுவாராக. கலைச்சொற்களைத் தமிழில் விளக்கும் பணியை யாம் ஏற்போம். கடிதம் வாயிலைத் திறக்கலாம். உள்ளே சென்றபின் உயிரைக் காப்பது கல்வியே.

இறைவன் திருவருள் துணை நிற்பதாக.