பன்னிருவர் கூடிய சபை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் விழாவில் ஆங்கிலேயர் சபை ஒன்றின் வரலாற்றைப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) நாமெல்லாம் அறிந்த காப்பியம். அதற்கு மூலம் ஜான் பன்யனின் 'மோட்சப் பிரயாணம்' (1678). அந்த ஆசிரியரை உருவாக்கிய சபை எது என்று தேடிச் சென்றபோது நான் கண்டவற்றையே இங்கே சொல்ல விழைகிறேன்.

இங்கிலாந்தில் ஊஸ் ஆற்றங்கரையில் உள்ள பெட்போர்டு நகரில், 1650-ஆம் ஆண்டு பன்னிரண்டு பேர் கூடி அச்சபையைத் தொடங்கினர். முதற்போதகர் ஜான் கிஃபோர்டு. உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று, மரண தண்டனை பெற்று, சிறையினின்று தப்பியவர். குடியிலும் சூதிலும் உழன்று பின்னர் மனந்திரும்பியவர்.

பன்யனோ ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. ஒருநாள் வேலையின்பொருட்டுச் சென்ற தெருவில், வாயிற்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஏழைப் பெண்கள் மூன்று நான்கு பேர் இறையனுபவம் பற்றிப் பேசுவதைக் கேட்டார். சமயப் பேச்சில் தாம் வல்லவர் என்றெண்ணியிருந்த அவருக்கு அப்பேச்சு எட்டவில்லை. அதைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அப்பெண்கள் வழியாகவே அவர் அச்சபையை அடைந்தார்.

குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதா, நம்பிக்கை கொண்ட பின் நீரில் மூழ்கிப் பெறுவதா என்ற வினா அக்காலத்தில் சபைகளைப் பிளந்துகொண்டிருந்தது. பாப்டிஸ்ட் மரபினர் பின்னதையே ஏற்பவர்கள். 1655-இல் மரணப் படுக்கையிலிருந்து கிஃபோர்டு சபைக்கு ஒரு மடல் எழுதினார். திருமுழுக்கு முறை, சங்கீதம் பாடுதல் முதலான புறச் சடங்குகளை முன்னிட்டுப் பிரிந்துவிடாதீர்கள் என்பதே அதன் சாரம்.

1660-இல் முடியாட்சி மீண்டது. அரசின் அனுமதியின்றிப் போதித்ததற்காகப் பன்யன் சிறைப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் சிறைவாசம். கூடியிருந்த கோயிலையும் இழந்த சபை மறைவிடங்களில் கூடியது. 1672-இல் அவரையே போதகராகத் தேர்ந்தெடுத்தது; ஐம்பது பவுனுக்கு ஒரு களஞ்சியக் கொட்டகையை வாங்கி அதில் வழிபட்டது. மறு ஆண்டே பன்யன், முழுக்கு முறையில் கருத்து வேறுபடுவது திருவிருந்தில் ஒன்றாக அமர்வதற்குத் தடையன்று என நூல் எழுதினார். லண்டன் பாப்டிஸ்ட் தலைவர்கள் அவரைக் கண்டித்தனர். சபை அசையவில்லை. அதே இடத்தில் பின்னர் எழுந்த கட்டடத்தில், இரு மரபினரும் உறுப்பினராக இன்றும் அது கூடுகிறது.

அன்பர்களே, யாப்பா, புதுக்கவிதையா என்று நாமும் ஓர் இரவு முழுவதும் வழக்காடினோம். அன்று யாப்பின் பக்கம் நின்று கடுஞ்சொல் கூறியவர்களுள் நானும் ஒருத்தி. அன்றிரவு எழுந்து சென்ற இருவர் இன்றுவரை இவ்வட்டத்திற்குத் திரும்பவில்லை. கிஃபோர்டின் மடலைப் படித்தபோது அவர்கள் முகமே என் நினைவில் எழுந்தது.

யாப்பின்மேல் எனக்குள்ள பற்று குறையவில்லை. முழுக்கின்மேல் பன்யனுக்கிருந்த பற்றும் குறையவில்லை. ஆயினும் அவர் அதை வாயிற்கதவுக்குத் தாழ்ப்பாள் ஆக்கவில்லை. பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்திற்கு அவ்விருவரையும் நேரில் சென்று அழைக்க எண்ணியுள்ளேன். உடன்வர விரும்புவோர் வாருங்கள்.