கண்ணாடிக்குள் நின்ற உமை
(நவராத்திரி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றவன் என்ற ஒரே துணிவோடு இம்மேடையில் நிற்கிறேன். ஆகமம் கற்றவன் அல்லன். அரசாங்க அலுவலகத்தில் சொத்துப் பதிவேடுகளோடு காலம் கழிப்பவன்.

2010ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கடற்பாலம் கடந்து சிங்கப்பூர் சென்றிருந்தோம். அங்குள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் சோழர் காலத்து உமா பரமேஸ்வரியின் செப்புத் திருமேனியைக் கண்டோம். சற்றே ஒசிந்த இடை. மலர் ஏந்தும் பாவனையில் வலக்கை. பிள்ளைகள் அடுத்த கூடத்திற்கு ஓடிவிட்டனர். என் தாயாரோ காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். “இவளுக்கு ஒரு புடவை கட்டி, ஒரு முழம் பூ வைக்க ஆளில்லையா, ஐயா?” என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஆள் இருந்திருக்கிறது. தமிழகத்தின் அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்னும் சிற்றூரின் சிவாலயத்து உற்சவத் திருமேனி அது. பூசை நின்று, கதவு பூட்டிக் கிடந்த அக்கோயிலிலிருந்து 2006ஆம் ஆண்டு திருடர்கள் திருமேனிகளைப் பெயர்த்துச் சென்றனர். நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரின் கடை வழியாக, பொய்யான உரிமைப் பத்திரங்களோடு, 2007இல் 6,50,000 அமெரிக்க டாலருக்கு உமை சிங்கப்பூர் வந்தாள். அதே கோயிலின் நடராசர் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் டாலருக்கு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்திற்கு விற்கப்பட்டார்.

அன்பர்களே, இதில் என்னைத் தூங்கவிடாத செய்தி வேறு. திருட்டு நடந்தது 2006இல். கோயிலைத் திறந்து பார்த்து, திருமேனிகள் இல்லை என்று கண்டது 2008இல். அம்மன் கடல் கடந்து, விலை பேசப்பட்டு, வேற்று நாட்டு மண்டபத்தில் நின்ற பின்னரே ஊருக்குத் தெரிந்தது!

திருமேனிகளை மீட்க உதவியவை பழைய நிழற்படங்கள். பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகச் சென்று கோயில்களைப் படமெடுத்து வைத்திருந்தது. ஸ்ரீபுரந்தான் நடராசரை 1994இல் எடுத்த படம் அங்கே இருந்தது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் வார்ப்பது நம் சிற்பிகளின் முறை. வார்த்தபின் மண்கூட்டை உடைத்துவிடுவர். ஆதலால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஒரு தேய்மானம், ஒரு வார்ப்புக் குறை போதும், அடையாளம் காண. நடராசர் 2014இலும் உமை 2015இலும் இந்தியாவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டனர். கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இனி நம் ஆலயத்திற்கு வருவோம். நம் அம்மன் சோழர் காலத்தவள் அல்லள். சுவாமிமலையிலிருந்து கப்பலில் வந்தவள் என்பர். எந்த ஆண்டு என்று கேட்டால் மூன்று பெரியவர்கள் மூன்று ஆண்டுகள் சொல்கிறார்கள். படம் கேட்டேன், நூற்றுக்கணக்கில் தந்தார்கள். அனைத்தும் அலங்காரப் படங்கள். பட்டும் மாலையும் நீக்கினால் முகம் மட்டுமே தெரிகிறது. எடை இல்லை, உயரம் இல்லை, பீடத்தின் அடியில் என்ன பொறித்திருக்கிறது என்ற குறிப்பும் இல்லை. என் அலுவலகத்து நாற்காலிக்கு எண் உண்டு. ஆண்டுக்கொரு முறை எண்ணிப் பார்த்துக் கையொப்பமும் இடுகிறோம்.

அலங்காரமில்லாத திருமேனியைப் படமெடுப்பதா என்று சிலர் முகம் சுளிப்பது எனக்கும் புரிகிறது. ஆகவே முதலில் குருக்கள் ஐயாவிடமே கேட்டேன். அபிஷேகத்திற்கு முன், திரைக்குள், தாமே எடுத்துத் தருவதாகச் சொன்னார். படங்கள் ஆலயப் பெட்டகத்தை விட்டு வெளியே போகலாகாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

நிர்வாகக் குழு ஒரு நாள் குறித்தால் போதும். நிறுப்பதற்குத் தராசு நான் கொண்டு வருகிறேன். பதிவேட்டையும் என் கைப்பட எழுதித் தருகிறேன்.